டைமிங் செயினும் ஒரு மெல்லிய ஷிம்மும்

அஞ்சு நிமிஷம்தான் என்றார்கள். ஒரே விஷயம் சொல்கிறேன்.

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். வண்டி தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது; என்ஜினைப் பிரிப்பது நிற்கவில்லை. க்ராங்க் கீவே நேர் மேலே, கேம் கீவே ஒரு மணி வாக்கில், ஸ்ப்ராக்கெட் புள்ளிகள் இரண்டும் எதிரெதிரே. இது எல்லாருக்கும் தெரியும்.

கோட்டை விடுவது அடுத்ததில்தான். இரண்டு சக்கரமும் ஒரே தளத்தில் ஓடணும். அதற்காக க்ராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் மெல்லிய ஷிம்கள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருக்கும். கழுவும்போது மண்ணெண்ணெயோடு போய்விடும். அப்புறம் செயின் சாய்ந்து ஓடும், பல் ஒரு பக்கமாகத் தேயும். புதுச் செயின் போட்டும் சத்தம் வருதேன்னு வண்டிக்காரர் வந்து நிப்பார். பழி, பாவம், செயின் விற்ற கடைக்காரர் மேலே!

கேம் சக்கரப் பல்லின் பக்கவாட்டில் ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து, க்ராங்க் சக்கரம் வரையுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். அதில் 0.005 அங்குலம் கழித்து, மீதிக் கனத்துக்கு ஷிம் சேருங்கள். கேமோ க்ராங்கோ மாற்றியிருந்தால் பழைய ஷிம் கணக்கு செல்லாது.

மூடியை மாட்டுமுன் க்ராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புள்ளிகள் மறுபடி எதிரெதிரே நிற்கணும். ஒரு பல் தள்ளி நின்றாலும் செயினைக் கழற்றி மாட்டுங்கள். அதுவரை ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம்.