சித்திரத்தில் காணாத மனிதன்

(சூரமங்கலத்தில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



பழைய பிரயாணப் புத்தகங்களில் உள்ள படங்களைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பஞ்சப்படி இருக்கிறது, கூலி இருக்கிறது, நிலப் பிரச்னை இருக்கிறது. இருநூறு வருஷத்துப் படம் எதற்கு?

அந்தப் படங்கள் நம் மண்ணின் படங்கள் என்பதால்தான் பேசுகிறோம். "அந்தக் காலத்து இந்தியா எவ்வளவு அழகு, எவ்வளவு அமைதி!" என்று சொல்லி அவற்றைக் காலண்டரில் போடுகிறார்கள், பெரிய ஓட்டல் சுவர்களில் மாட்டுகிறார்கள், கைபேசியிலும் வருகின்றன. நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அதை வரைந்தவர் யார், யாருக்காக வரைந்தார், எதை விட்டுவிட்டார் என்று அவர்களுக்குச் சொல்ல நம்மை விட்டால் ஆள் ஏது?

முதலில், பார்க்காமலே வரைந்தவர்களைச் சொல்லுவோம். இத்தாலிய தேசத்து வர்த்தேமா என்பவர் கள்ளிக்கோட்டைக்கு வந்து திரும்பி, 1510-ல் தம் பிரயாணக் கதையை வெளியிட்டார். 1515-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அது படங்களோடு வந்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள். வரைந்தவர் யோர்க் பிராய். அவர் இந்தியாவில் கால் வைத்தவரல்ல. கள்ளிக்கோட்டைத் தெய்வம் ஒரு பிசாசு என்று வர்த்தேமா எழுதியிருந்தார். ஓவியரோ தம் ஊரில் பிசாசை எப்படி எழுதுவார்களோ அப்படியே எழுதிவிட்டார். அந்தப் பிசாசு வெகுகாலம் ஐரோப்பியப் புத்தகங்களில் உலவியது. பிசாசை வணங்கும் ஜனங்கள் என்று ஒரு தேசத்துக்குப் பெயர் கட்டிவிட்டால், அதன் மேல் பீரங்கி திருப்புகிறவனுக்கு மனச்சாட்சித் தொல்லை கிடையாது அல்லவா?

அடுத்து, நேரில் பார்த்து வரைந்தவர்கள். தாமஸ் டேனியல் என்பவரும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். தாமஸ் பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. சத்திரம் நடத்தியவரின் மகன். குதிரை வண்டிகளுக்கு வர்ணம் பூசும் தொழில் பழகியவர். 1792 ஏப்ரலில் இருவரும் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றினார்கள். ஓசூர், ராயக்கோட்டை, மதுரை, பாபநாசம், தஞ்சை என்று நீண்ட பிரயாணம். சீமைக்குத் திரும்பி, 1795 முதல் 1808 வரை "கீழைநாட்டுக் காட்சிகள்" என்ற பொருள்படும் பெயரில் 144 படங்களை ஆறு பாகங்களாக வெளியிட்டார்கள்.

அவர்கள் தொழில்திறமையை நாம் மெச்சத்தான் வேண்டும். உழைப்பை மதிக்கிறவர்கள் நாம். செப்புத் தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசின் தூளைப் பரப்பிச் சூடுகாட்டி ஒட்டவைப்பார்கள். பிறகு திராவகத்தில் இடுவார்கள். தூள் இல்லாத இடத்தைத் திராவகம் அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு கறுப்பு. வெளுப்பாக நிற்க வேண்டிய இடத்தை அவ்வப்போது வார்னிஷ் பூசி மூடிவிடுவார்கள். இப்படித்தான் மேகமும் மலைநிழலும் மங்கலாகவும் அழுத்தமாகவும் தாளில் விழுந்தன. அதன்மேல் கையால் வர்ணம் தீட்டினார்கள். சாயப்பட்டறைத் தோழருக்கு இதன் நுட்பம் நாம் சொல்லாமலே விளங்கும். கல்கத்தாவில் தாமஸ் முதலில் அச்சிட்ட 12 படங்களுக்கு நம் நாட்டுக் கைவினைஞர்கள் ஒத்தாசை செய்தார்கள். படத்தில் டேனியலின் பெயர் உண்டு; அந்தக் கைவினைஞர் பெயர் இல்லை.

ஆறு பாகமும் சேர்ந்து விலை 210 பவுன். சீமைத் தொழிலாளி கனவிலும் வாங்க முடியாத விலை. வாங்கியவர்கள் பிரபுக்களும் பணம் படைத்தவர்களும். வாங்குகிறவன் எதை விரும்புவானோ அதுதான் படத்தில் வந்தது: இடிந்த கோட்டை, உயர்ந்த கோபுரம், அருவி, ஆலமரம். மனிதன்? கோட்டை எவ்வளவு பெரிது என்று காட்ட அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒருவன் நிற்பான். அளவுகோலாக நிற்பதுதான் அவனுக்கு இட்ட வேலை.

தோழர்களே, அந்த 1792-ஆம் வருஷத்தைக் கவனியுங்கள். அவ்வருஷம் மார்ச்சில்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு மாறின. பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமை. ராயக்கோட்டையைக் கம்பெனிப் பட்டாளம் பிடித்தது 1791-ல். பட்டாளம் போன தடத்தில் மறுவருஷமே ஓவியர் போனார். ஓவியர் மலையை வரைந்துகொண்டிருந்த காலத்தில், அலெக்சாண்டர் ரீடு என்ற அதிகாரியும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையின் வரி நிர்வாகத்தை ஏற்றார்கள். பின்னால் மாகாணம் முழுதும் பரவிய ரயத்வாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. ஒருவர் கையில் தூரிகை. மற்றவர் கையில் அளவுச் சங்கிலி. நிலத்தை உழுத கூலியாள் பட்டாவிலும் இல்லை, படத்திலும் இல்லை.

இன்னொரு புத்தகமும் உண்டு. திப்பு 1799-ல் வீழ்ந்த பிறகு, பிடித்த நாட்டில் என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், எப்படி உழுகிறார்கள் என்று அறிந்துவர கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டரை அனுப்பினார். 1800-ல் அவர் புறப்பட்டார். 1807-ல் அவர் பிரயாண நூல் மூன்று பாகமாக வந்தது. அதில் கோபுரத்து அழகைத் தேடவேண்டாம். கலப்பையும் உழவுக் கருவிகளும் படங்களாக இருக்கின்றன. நம் பாட்டன் கைப்பட்ட கலப்பை! உழவன் கருவிமேல் காதல் கொண்டு வரைந்தார்களா? விளைச்சல் தெரிந்தால்தான் வரி தெரியும். தறி தெரிந்தால்தான் சரக்கு தெரியும்.

அப்படியானால் இந்தப் படங்களைக் கிழித்தெறியச் சொல்கிறோமா? ஒருக்காலும் இல்லை. அந்தக் கலப்பைப் படம் நம்முடைய சரித்திரத்துக்கு சாட்சி. டேனியல் வரைந்த கோட்டையும் கோயிலும் அன்றைக்கு எப்படி நின்றன என்பதற்கு சாட்சி. சாட்சியை விரட்டக்கூடாது, குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இந்தக் கல்லை மலைமேல் ஏற்றிய தோள் யாருடையது? இந்தப் பிரயாணியின் மூட்டையைச் சுமந்தவன் யார்? இந்த அமைதியான வயலுக்கு அந்த வருஷம் வரி எவ்வளவு? படத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளை இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்.

வெளியூரான் வந்து வரைவான் என்று காத்திருந்தால் நம் கதை வராது. 1950 பிப்ரவரி 11-ல் இதே சேலம் சிறையில் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அழகான காட்சி தேடி வருகிற எந்தப் பிரயாணி அதை வரைவான்? நாம்தான் சொல்ல வேண்டும், நாம்தான் எழுத வேண்டும், நம் பிள்ளைகள்தான் வரைய வேண்டும்.

கஞ்சமலையும் சேர்வராயனும் கண்ணுக்குத் தெரிகிற இந்தச் சூரமங்கலத்தில் படம் போடத் தெரிந்த பையன்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தாளும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். மலையை வரையட்டும், தாராளமாய் வரையட்டும். அடிவாரத்தில் நிற்கிற மனிதனுக்கு முகமும் வரையட்டும். அவன் பெயரையும் பக்கத்தில் எழுதட்டும்.