‘ஒரு மாதிரியா இருக்கு, சார்’

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



மாணவர் மனநலம் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் போன மாதமே சொல்லிவிட்டார். நான் மனநல வல்லுநர் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்: விடுப்பு விண்ணப்பம்.

நாம் எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் கடிதம்தான். அதில் காரணம் எழுதும் இடத்தில் குழந்தைகள் எழுதுவது மொத்தமே நான்கைந்து. காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, உறவினர் திருமணம், ஊர்த் திருவிழா. ‘பயமாக இருப்பதால் ஒரு நாள் விடுப்பு வேண்டும்’ என்று ஒரு கடிதத்தை நான் இதுவரை வாங்கியதில்லை. வாங்கியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அடிக்கடி வயிற்றுவலி என்பான். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ஒரு மாதிரியா இருக்கு, சார்” என்பான். அதற்குமேல் ஒரு சொல் வராது. எமிஸ் செயலியில் அவன் வருகையை எடுத்துப் பார்த்தேன். வராத நாட்களில் பாதிக்கு மேல் திங்கட்கிழமை. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: சனி, ஞாயிறு வீட்டுப்பாடம் எழுதவில்லை, பையன் வேஷம் போடுகிறான். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லியும் விட்டேன். “ஆம்பளப் பையன் இதுக்கெல்லாமா சுருண்டு படுப்பான்?” என்றும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் கதைக்குத் திரும்பி வருகிறேன். அதற்குமுன் என் கதையைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் அவன் கதை எனக்கே புரிந்திருக்காது.

அதே ஆண்டு என் அப்பா இறந்தார். காரியங்கள் முடிந்து பள்ளிக்கு வந்துவிட்டேன். அழவில்லை. எல்லோரும் தைரியசாலி என்றார்கள். இரண்டு மாதம் கழித்து நெஞ்செரிச்சல் தொடங்கியது. பிறகு நெஞ்சடைப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் வராது. இசிஜி எடுத்தார்கள், எண்டோஸ்கோப்பி செய்தார்கள், ரத்தத்தைப் பலமுறை சோதித்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தையும் நான் கோபம் என்று சொல்லவில்லை. ‘பிரஷர் ஏறுது’ என்றுதான் சொன்னேன்.

கடைசியில் ஒரு பொதுமருத்துவர் என்னை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படுத்தும் தாள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தூக்கம், களைப்பு, பசி, கவனம் ஆகிய நான்கிற்கும் 3 போட்டேன். ‘சோர்வாக, நம்பிக்கையற்று உணர்கிறீர்களா’ என்ற கேள்விக்கு 0. பொய் எழுதவில்லை. எனக்கு உண்மையாகவே அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அந்த மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, அப்பாவோடு எப்படிப் பழக்கம் என்று கேட்டார். நிலப் பங்கீட்டுத் தகராறில் கடைசி இரண்டு ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அதைச் சொன்னேன். “அதை நினைத்தால் என்ன தோன்றுகிறது?” என்றார். ஒரு தமிழாசிரியன் நான். “ஒரு மாதிரியா இருக்கு, டாக்டர்” என்றேன்.

எட்டு மாதம் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் எடுத்துக்கொண்டேன். எனக்குள் இருந்தது சோகம் மட்டும் அல்ல. அப்பா மேல் கோபம், என் மேல் குற்றவுணர்வு, கேட்க முடியாமல் போன மன்னிப்பு என்று பல இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பெயர் சொல்லவே பல வாரங்கள் ஆயின. நெஞ்செரிச்சல் ஒரே நாளில் போகவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது.

இந்த இயல்புக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது: அலெக்ஸிதைமியா. ‘உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை’ என்று பொருள்படக் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய சொல். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் உருவாக்கினார். அவரும் ஜான் நெமியா என்ற மருத்துவரும் தீராத உடல் உபாதைகளோடு வந்தவர்களைக் கவனித்தார்கள். வலியை அவர்கள் விலாவாரியாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்றால் பதில் இல்லை.

இது ஒரு நோய் அல்ல. ஒருவரிடம் கூடுதலாகவும் இன்னொருவரிடம் குறைவாகவும் காணப்படும் இயல்பு. 1994இல் கனடாவின் டொராண்டோவில் இதை அளக்க இருபது வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மருத்துவருக்கும் புரியாத உடல் உணர்வுகள் உங்களுக்கு உண்டா என்று அதில் ஒரு வினாவே இருக்கிறது. மேலைநாட்டு ஆய்வுகள், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இது தெளிவாக இருப்பதாகச் சொல்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இன்னும் அதிகம், ஏறத்தாழ பாதிப் பேர். உள்ளடக்கிய கல்வியில் அத்தகைய குழந்தைகளோடு பழகும் சிறப்பாசிரியர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. அந்தக் குழந்தைக்கு உணர்ச்சி இல்லை என்று பொருளல்ல, பெயர்தான் கிடைக்கவில்லை.

உடம்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பயம் வந்தால் முதலில் மாறுவது உடம்புதான். இதயம் வேகமாகத் துடிக்கிறது, வயிறு பிசைகிறது, தசை இறுகுகிறது. ‘இது தேர்வுப் பயம்’ என்று தெரிந்தவர் அதைப் பயமாகவே கடந்துவிடுகிறார். தெரியாதவருக்கு அது வயிற்று நோயாகவும் நெஞ்சு நோயாகவும் படுகிறது. பயம் இன்னும் கூடுகிறது. நாள்பட்டால் தூக்கம் கெடும், குடலின் இயக்கம் மாறும், தலைவலி தங்கிவிடும். அதை மறக்கப் பெரியவர்கள் சிலர் குடிக்கிறார்கள். மனச்சோர்வோடும் இது பின்னிக்கிடக்கிறது. உணர்ச்சியைச் சொல்லத் தெரியாதவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது. மனச்சோர்வு வந்துவிட்டால் சொல்லும் திறன் மேலும் குறைகிறது. உதவி கேட்பதற்கும் சொல் வேண்டுமே.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றுவலி என்றாலே மனசு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வயிற்றுப்புண் என்றால் மன அழுத்தம்தான் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியது. 1980களில் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். என் வகுப்பிலேயே ஒரு சிறுமியின் ‘சோம்பல்’ கடைசியில் ரத்தசோகை என்று தெரிந்தது. ஆகவே முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். பிறகுதான் நம் ஆராய்ச்சி.

அந்தப் பையனையும் அப்படித்தான் அனுப்பினோம். குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நான் சிகிச்சையில் இருந்த நாட்கள் அவை. ஒரு திங்கட்கிழமை அவனை மரத்தடியில் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் என்று கேட்காமல், வலி எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டேன். “நேத்து ராத்திரி, அம்மா போன வச்சதும்” என்றான்.

அவன் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பையன் அப்பத்தாவோடு இருக்கிறான். அம்மா ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் பேசுவார். இவ்வளவும் எனக்குத் தெரியும், எமிஸில் நானே பதிந்த விவரம். திங்கட்கிழமையோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“கவலையா இருக்காடா?” என்றேன். இல்லை என்றான். “அழுகையா வருதா?” இல்லை. “அம்மா மேல கோபமா?” கொஞ்சம் யோசித்து, இல்லை என்றான். எனக்கும் சொல் தீர்ந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவனே, “தேடுது, சார்” என்றான்.

எங்கள் பக்கத்துச் சொல் அது. பால்குடிப் பிள்ளை அழுதால் ‘அம்மாவத் தேடிருச்சு’ என்பார்கள். பதின்மூன்று வயதுப் பையன் அதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள எவ்வளவு கூச்சப்பட்டிருப்பான்! அதிலும் ‘ஆம்பளப் பையன்’ என்று நான் வகுப்பில் பேசியபிறகு. அன்றைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பிலும் கேட்டேன்.

பெயர் சொல்வதால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். 2007இல் அமெரிக்காவில் மேத்யூ லீபர்மேன் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. அதே முகத்துக்கு ஆண்பெயரா பெண்பெயரா பொருந்தும் என்று தேர்ந்தெடுத்தபோது அப்படிக் குறையவில்லை. நம் தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நந்நான்கு காரணங்கள். மெய்யில் தோன்றுவது மெய்ப்பாடு. அதை எத்தனையோ முறை தேர்வுக்காக மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். வெகுளிக்கும் இளிவரலுக்கும் உடம்பில் என்ன வேறுபாடு என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வகுப்பில் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதல் முயற்சி தோல்வி. வருகைப்பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’வுடன் இன்றைய மனநிலையை ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்றேன். முப்பத்தாறு பேரில் பாதிப் பேர் ‘நல்லா இருக்கேன்’, மீதிப் பேர் ‘கடுப்பா இருக்கு’. ஒரு மாணவியை நான் தூண்டித் தூண்டிக் கேட்டதில் அவள் அழுதுவிட்டாள். இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அத்தோடு அதை நிறுத்தினேன். எல்லோர் முன்னிலையிலும் கேட்கக்கூடாது. இதில் எனக்கு இப்போது இரண்டாவது கருத்து இல்லை.

பிறகு கதை வழியே போனேன். தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இதுதான் எளிது. வடையைப் பறிகொடுத்த காக்கைக்கு எப்படி இருந்திருக்கும்? முதலில் எல்லோரும் ‘கவலை’ என்பார்கள். விடாமல் கேட்டால் ஏமாற்றம், ஆத்திரம், வெட்கம் எல்லாம் வரும். “அசிங்கமா இருந்திருக்கும் சார், நரி புகழ்ந்ததை நம்பிருச்சுல்ல” என்றாள் ஆறாம் வகுப்புச் சிறுமி. காக்கையைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை. அந்தச் சொற்களை ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டினோம். ஏக்கம், புழுக்கம், குமைச்சல், சலிப்பு, திகைப்பு, நிம்மதி என்று பட்டியல் வளர்ந்தது. ‘தேடுது’ என்பதை யார் சொன்னது என்று குறிப்பிடாமல் நானே சேர்த்தேன்.

இன்னொன்று, உடம்பின் வெளிக்கோட்டுப் படம். பயம் வந்தால் எங்கே தெரிகிறது, கோபம் எங்கே என்று வண்ணம் தீட்டச் சொல்வது. 2014இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் எழுநூறு பேரிடம் இப்படித்தான் செய்தார்கள். ஃபின்லாந்து, சுவீடன், தைவான் மக்கள் தீட்டிய படங்கள் பெரிதும் ஒத்திருந்தன. படத்தில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். மதிப்பெண்ணும் வேண்டாம்.

அந்தப் பையனின் வயிற்றுவலி முழுதும் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். சில திங்கட்கிழமைகளில் வரும். வந்தாலும் பள்ளிக்கு வந்துவிடுவான். அந்த ஆண்டு மாசியில் ஒரு விடுப்பு விண்ணப்பம் கொடுத்தான். ‘அம்மா ஊருக்கு வந்திருப்பதால், அம்மா கூட இருக்க வேண்டும் என்பதால்’ என்று இரண்டு ‘ஆல்’ போட்டு எழுதியிருந்தான். திருத்தாமல் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக, நம்மால் முடியாத இடம். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பிள்ளை விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினால் பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று சொன்னாலோ எழுதினாலோ அன்றைக்கே செய்ய வேண்டும். அந்தப் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகியவற்றை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

முதல் எண்ணை ஆசிரியர் அறையிலும் எழுதுங்கள். நம்மில் எத்தனை பேர் கைப்பையில் ஆன்டாசிட் மாத்திரை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது ஆளுக்கு ஓர் உடம்பு வெளிக்கோட்டுத் தாள் வரும். வண்ணப் பென்சிலை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் நாம் தீட்டிப் பார்ப்போம்.