பொருந்தாமையும் ஒரு காவல்

(பணியிடைப் பயிற்சியில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியது)



சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி தயங்கி நின்றாள். தம்பிக்கு எலும்பு மஜ்ஜை தேவைப்பட்டது. இவளுடையது பொருந்தவில்லை. "நான் அவனுக்குச் சொந்த அக்கா இல்லையா சார்?" என்றாள். உறவினர் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் யாரையும் குறிப்பிடாமல், வகுப்புக்கு நான்கு வண்ண அட்டைகளைக் கொண்டு சென்றேன். அப்பாவிடம் சிவப்பு, நீலம். அம்மாவிடம் மஞ்சள், பச்சை. ஒவ்வொருவரும் பிள்ளைக்கு ஓர் அட்டைதான் தருவார்கள். மாணவர்களே நான்கு சேர்க்கைகளையும் எழுதினார்கள். உடன்பிறந்த இருவருக்கு ஒரே சேர்க்கை அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். அந்த அட்டைதான் ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. ஜீன்களின் தொகுப்பு என்றேன். மாணவியின் முகம் தெளிந்தது.

உடனே ஒரு மாணவன் கேட்டான்: "எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்திருந்தால் நல்லதுதானே சார்?"

நல்ல கேள்வி. இந்த ஜீன்கள் உருவாக்கும் புரதங்கள், செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. அதில் வைரஸின் துணுக்கு இருந்தால் வெள்ளையணுக்கள் அந்தச் செல்லை அழிக்கும். ஆனால் ஒவ்வொரு வகைப் புரதமும் சிலவகைத் துணுக்குகளையே ஏந்தும். எல்லோரிடமும் ஒரே வகை இருந்தால், அதற்குத் தப்பிய ஒரு வைரஸ் எல்லோரையும் வீழ்த்திவிடும்.

இந்த வேறுபாடு மனித இனத்தைவிடப் பழமையானது. நாமும் சிம்பன்சியும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து 60 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் நம்மிடம் உள்ள சில வகைகள், மற்றொரு மனிதரிடம் உள்ள வகையைவிடச் சிம்பன்சியின் வகையையே அதிகம் ஒத்திருக்கின்றன.

ஜேன் குடால் 1960இல் ஆய்வைத் தொடங்கிய தான்சானியாவின் கோம்பே காட்டைப் பாருங்கள். அங்குள்ள சிம்பன்சிகளிடம் எஸ்.ஐ.வி. வைரஸ் உண்டு. சிம்பன்சிகளின் எஸ்.ஐ.வி.யிலிருந்தே எச்.ஐ.வி.-1 மனிதருக்கு வந்தது. இந்த வைரஸ் அவற்றை வருத்துவதில்லை என்றே நெடுநாள் கருதினர். தொற்றுள்ளவற்றின் இறப்பு வாய்ப்பு 10 முதல் 16 மடங்கு அதிகம் என 2009இல் தெரிந்தது. விலங்குகளைத் தொடாமல், சாணத்தைச் சேகரித்தே தொற்றைக் கண்டறிந்தார்கள். 2015இல் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட ஒரு ஜீன் வகை உள்ள சிம்பன்சிகளிடம் வைரஸ் குறைவாக இருந்தது. மனிதரில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்த உதவும் பி-57 வகையை அது ஒத்திருந்தது.

அதேவேளை, இந்த ஜீன்களில் சிலவற்றில் சிம்பன்சிகளின் வேறுபாடு நம்மைவிடக் குறைவு. இதே போன்றதொரு வைரஸ் பண்டைக் காலத்தில் பலவற்றை அழித்திருக்கலாம், இன்றிருப்பவை தப்பியவற்றின் வழித்தோன்றல்கள் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எனவே ஆசிரிய நண்பர்களே, அடிக்கடி நோயுறும் குழந்தையை "எதிர்ப்புச் சக்தி இல்லாதவன்" என்று வகுப்பில் சொல்ல வேண்டாம். இன்னொரு நோயின்போது அவனே தாக்குப்பிடிப்பவனாக இருக்கலாம்.

அந்த மாணவி நான்கு அட்டைகளையும் கேட்டு வாங்கிப் போனாள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாளாம்.