மோரும் நெய்யும் பொன்னும்



முதலில் பண்டமாற்று இருந்தது. அது இடர்ப்பாடாக இருந்தமையால் நாணயம் தோன்றியது என்று பாடநூல்கள் கூறுகின்றன. நானும் நெடுங்காலம் அவ்வாறே கற்பித்து வந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தவள் பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயர்குலப் பெண் ஒருத்தி.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் அப்பெண், விடியலில் எழுந்து தயிர் கடைகிறாள். மோரைத் தலையில் சுமந்து சென்று விற்கிறாள். அதற்கு ஈடாகப் பெற்ற உணவைச் சுற்றத்தார்க்கு ஊட்டுகிறாள். நெய்யின் கணக்கு வேறு. அதற்கு விலையாகக் கட்டிப் பொன்னைத் தந்தாலும் அவள் கொள்வதில்லை. எருமையும் பசுவும் நாகுமே பெறுகிறாள்.

அவள் பொன்னை அறியாதவள் அல்லள், அறிந்தே மறுக்கிறாள். காரணத்தைப் புலவர் கூறவில்லை. என் கருத்து இது: பொன் ஈனாது, நாகு ஈனும். மோர் விரைவில் புளித்துவிடும். ஆகவே அன்றைய உணவாகிறது. நெய் சில காலம் கெடாது நிற்கும். அதைச் சேர்த்துவைத்துப் பெருகும் பொருளாக மாற்றிக்கொள்கிறாள். இதனைப் பொருளியல் அறியாதவர் செயல் என்று எப்படிச் சொல்வது?

சொல்லாட்சியையும் நோக்குங்கள். மோர் விற்பதற்குப் புலவர் ஆளும் வினை ‘மாறுதல்’. மோருக்கும் நெய்க்கும் ‘விலை’ என்ற சொல்லும் அங்கே வருகிறது. காசு மட்டும் கைமாறவில்லை. ‘வில்’ என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல்லைக் கேட்டவுடன் எண்ணை நினைப்பது நம் பழக்கமே.

அப்படியாயின் பொன்னுக்கு வேலை எங்கே? அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர் கலங்கள் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீள்கின்றன. கடல் கடந்து வருபவனிடம் எருமைநாகு கேட்க இயலுமா? கடனாகத் தந்தால் அவன் மறுமுறை வருவான் என்பதற்குத்தான் என்ன உறுதி? அறியாதவர் இருவர் அன்றே கணக்கைத் தீர்த்துப் பிரிவதற்குப் பொன் உதவியது. (மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் பணத்தை இன்றும் ‘வெள்ளி’ என்கிறோம். தாளில் அந்த உலோகம் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.)

அறிந்தவரிடையே நிலைமை வேறு. உப்பு வைத்திருப்பவனுக்கு நெல் வேண்டும், நெல் வைத்திருப்பவனுக்கு இன்று உப்பு வேண்டாம் எனில் பண்டமாற்று நின்றுவிடும் என்பார்கள். ஒரே ஊரில் வாழ்பவர்க்கு அது பெருந்தடையன்று. இன்று பெற்றுப் பின்னர் ஈடு செய்யலாம். அவ்வாறு காத்திருக்கும் கொடுக்கல் வாங்கலுக்குத் தமிழில் ஒரு பழஞ்சொல்லே உண்டு: குறியெதிர்ப்பை. புறநானூற்றின் 163ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தாம் பெற்று வந்த பரிசிலைப் பலர்க்கும் கொடுக்குமாறு மனைவியிடம் கூறுகிறார். சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களும் அவர்களுள் அடங்குவர்.

இதே சொல் 221ஆம் குறளிலும் வருகிறது. ஆசிரியர்களே, வகுப்பில் அதனைக் ‘கடன்’ என்று மட்டும் கூறிக் கடந்துவிடாதீர்கள். அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுப்பது என்று பரிமேலழகர் தரும் விளக்கத்தையும் மாணவர்க்குச் சொல்லுங்கள்.