முத்திரை குத்துவதற்கு முன் கேளுங்கள்



இன்றைய தலைப்பு, இளையோரின் மனநோயும் வன்முறையும். கனமான தலைப்புதான். ஆனால் இனியும் தள்ளிப்போட முடியாத தலைப்பு.

2025 அக்டோபர் 14ஆம் தேதி காலை, பண்டார் உத்தாமாவில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 16 வயது மாணவி ஒருத்தி பள்ளி வளாகத்துக்குள்ளேயே கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தாள். கைது செய்யப்பட்டவன் அதே பள்ளியில் படித்த 14 வயது மாணவன். சில நாள்களில் பெட்டாலிங் ஜெயா நீதிமன்றத்தில் அவன்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. மனநலப் பரிசோதனைக்கும் அவன் அனுப்பப்பட்டான். இத்தகைய வழக்குகளில் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது நம் நாட்டின் 2001ஆம் ஆண்டு சிறுவர் சட்டம். ஆகவே பெயர் எதுவும் இங்கே வராது. எந்த மனநிலையில் என்ன நடந்தது என்பதை மருத்துவர்களும் நீதிமன்றமும் சொல்லட்டும். அது நம் வேலையல்ல.

நான் பேச வந்தது, அந்தச் செய்தி வந்த பிறகு நாம் பேசிய பேச்சைப் பற்றி. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் கிள்ளான் பஸ் நிறுத்தத்திலும் நம்மிடம் இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "பைத்தியம்". மற்றது, "சம்செங்". பிள்ளை ஒதுங்கி உட்கார்ந்தால் முதல் சொல். கைநீட்டினால் இரண்டாவது சொல். சொல்லிவிட்டால் நமக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் பிள்ளைக்கு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் "பைத்தியம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குபவர்களாகவும் ஏமாற்றப்படுபவர்களாகவும்தான் அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். ஸ்கிசோஃப்ரினியா போன்ற கடுமையான நோய்களில் வன்முறைக்கான வாய்ப்பு ஓரளவு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் சிகிச்சை இல்லாதபோதும், குடியோ சியாபுவோ சேரும்போதும்தான். மருந்து எடுத்துக்கொண்டு அமைதியாக வேலைக்குப் போய்வரும் எத்தனையோ பேர் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் நம் பிள்ளைகளின் நிலை என்ன? 2022இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவர்களில் 26.9 விழுக்காட்டினர் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருப்பது தெரியவந்தது. நால்வரில் ஒருவர். 2017இல் இது 18.3 விழுக்காடாக இருந்தது. அதே 2022 ஆய்வில், முந்திய ஓராண்டுக்குள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்கள் 9.5 விழுக்காடு. நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் மனம் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று நான்கு பேர் தங்கள் உயிரையே முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் கத்தி எடுத்தார்கள்? ஏறக்குறைய யாருமே இல்லை. இவர்களால் ஆபத்து என்றால், அது முதலில் இவர்களுக்கேதான்.

இனி "சம்செங்" என்ற சொல். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுவார்கள், படுத்தே கிடப்பார்கள். பதின்ம வயதில், அதிலும் ஆண்பிள்ளைகளிடம், அது எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படலாம் என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். கதவை அறைந்து சாத்துவது, எடுத்ததற்கெல்லாம் எதிர்த்துப் பேசுவது, தம்பியை அடிப்பது, பள்ளிக்கு மட்டம் போடுவது. இதையெல்லாம் திமிர் என்கிறோம். "கேங்கில் சேர்ந்துவிட்டான்" என்று உறவினர் சொல்ல, நாமும் நம்பிவிடுகிறோம். அப்பா பெல்ட்டை எடுக்கிறார். பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் பிரம்பை எடுக்கிறார். அந்தப் பையன் இரவில் தூங்குகிறானா, காதில் ஏதும் குரல் கேட்கிறதா, பள்ளிக் கழிப்பறையில் யாராவது அவனை மிரட்டுகிறார்களா என்று கேட்பதற்கு ஆளில்லை.

எல்லா வன்முறைக்கும் நோயே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. குண்டர் கும்பல் நம் பிள்ளைகளைத் தேடி வருவதும் உண்மை. வீட்டில் அடிபட்டு வளர்வது, அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்ப்பது, பகடிவதைக்கு ஆளாவது, போதை, இவையெல்லாம் தனித்தனியாகவே ஒரு பிள்ளையை வன்முறைப் பக்கம் தள்ளக்கூடியவை. அதனால்தான் சொல்கிறேன், விசாரிக்காமல் முத்திரை குத்தாதீர்கள்.

விசாரித்தால் தெரிந்துவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு சீக்ரெட் சர்வீசும் கல்வித் துறையும் ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. தாக்கியவர்கள் 41 பேர். அவர்களில் மனநோய் என்று முன்கூட்டியே கண்டறியப்பட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 78 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ முன்பே இருந்திருக்கிறது. சுமார் 71 விழுக்காட்டினர் தாங்கள் துன்புறுத்தப்பட்டதாக உணர்ந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: 81 விழுக்காடு சம்பவங்களில், இப்படி ஒன்று நடக்கப் போகிறது என்பது குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படித்த நண்பர்களுக்கு. அவர்கள் பெரியவர்களிடம் சொல்லவில்லை.

இது அமெரிக்கக் கதை, துப்பாக்கி நாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டில், சென்னை பாரிமுனைப் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் 2012 பிப்ரவரி 9ஆம் தேதி, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அவனுக்கு வயது 15. அவனுடைய படிப்பைப் பற்றி ஆசிரியை குறிப்பேட்டில் எழுதியதால் ஆத்திரம் என்று செய்தி வந்தது. அவன் பார்த்த ஒரு சினிமாவின் மீதும் பழி போடப்பட்டது. அன்று சினிமா, இன்று கைப்பேசி விளையாட்டு. இவற்றுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே படத்தை இலட்சக்கணக்கான பிள்ளைகள் பார்த்தார்கள். இந்த ஒரு பிள்ளைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, பிள்ளையிடம் மாற்றம் தெரிகிறது. நம்மில் பலர் முதலில் எங்கே போகிறோம்? சாமியாடியிடம் போகிறோம், கயிறு கட்டுகிறோம். கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. பிரார்த்தனை மனத்துக்கு ஆறுதல்தான். ஆனால் மருத்துவத்துக்குப் பதிலாக அதை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடியில், தர்கா அருகே நடத்தப்பட்ட ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 மனநோயாளிகள் கருகிச் செத்தார்கள். குணமாகும் என்று நம்பி அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் சொந்தக் குடும்பத்தார்தான்.

இன்னொரு பயமும் நம்மிடம் இருக்கிறது. "ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துவிட்டால் நாளைக்கு வேலை கிடைக்குமா? தங்கச்சிக்கு மாப்பிள்ளை வருவானா?" அம்மாமார்களே, உங்கள் கவலை புரிகிறது. மருத்துவர் நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர். பதின்ம வயதிலேயே சிகிச்சை தொடங்கிய பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஐந்தாறு வருடம் மறைத்து வைத்தால், அதற்குப் பிறகு நீங்கள் மறைக்க நினைத்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும்.

இனி, நடைமுறைக்கு வருவோம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாம் மாறியிருக்கிறதா? யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறானா? பூனை, நாயைத் துன்புறுத்துகிறானா? "செத்துவிடுவேன்", "ஒருத்தனை முடித்துவிடுவேன்" என்று சொல்கிறானா, எழுதுகிறானா? விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். தனியாக உட்கார வைத்து நேராகவே கேளுங்கள். "ஐயா, சாகணும்னு தோணுதா? யாரையாவது ஏதாவது செய்யணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆளிருக்கிறது என்ற தைரியம்தான் வரும். பதில் வந்தால் உடனே அறிவுரை வேண்டாம். முழுவதும் கேளுங்கள்.

பிறகு பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்து தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையத்துக்கோ கடிதம் கொடுப்பார்கள். பேசுவதற்கு ஆள் வேண்டுமானால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் நள்ளிரவிலும் பேசலாம். பிள்ளை கையில் ஆயுதம் எடுத்துவிட்டால் வாக்குவாதம் செய்யாமல் விலகி நின்று 999ஐ அழையுங்கள். சொந்தப் பிள்ளைமேல் போலீசை அழைப்பதா என்று யோசிக்க அது நேரமில்லை.

கடைசியாக, இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பி, தங்கச்சி, உங்கள் நண்பன் யாரையாவது குத்துவேன் என்றோ, செத்துப்போவேன் என்றோ வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதை அன்றைக்கே நீங்கள் நம்பும் ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. அவனும் கோபித்துக்கொள்ளலாம், பத்து நாள் பேசாமல் இருக்கலாம். பரவாயில்லை. கோபித்துக்கொள்ள அவன் இருப்பான். அவன் குறிவைத்த பிள்ளையும் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சேரும்.