சீனத்துப் பாவு, நம்ம நாட்டு ஊடை

(போளூர் நெசவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போளூர், ஆரணி வட்டார நெசவாளர் பெருமக்களே, இணையத்தில் இதைப் படிக்கும் தோழர்களே!

ஒரு கேள்வி கேட்கிறேன். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா உங்க தறியில் ஏறியிருக்கும் பாவு எந்த ஊர் நூல்? பல வீடுகளில் அது சீனப் பட்டு. ஊடைதான் நம்ம நாட்டு நூல்.

இது எப்படி வந்தது? சீனாவில் ஒரு காலத்தில் பட்டுக்கூட்டு விலை முதல் ஏற்றுமதி வரை எல்லாம் அரசுத் திட்டப்படிதான். 1978க்குப் பிறகு சந்தை படிப்படியாகத் திறந்தது. நம்ம நாட்டிலும் ஐந்தாண்டுத் திட்டம், இறக்குமதிக்கு லைசென்ஸ் என்றுதான் இருந்தது. 1991இல் கதவு திறக்க ஆரம்பித்தது. 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் விலகின. அதே டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது.

சீன நூல் மலிவு என்பதற்காக மட்டும் வாங்கலை. இயந்திரத்தில் ஒரே சீராக எடுத்த நூல், பாவில் லேசில் அறாது. இழை அறுந்தா முடிச்சுப் போடுறதுலயே பொழுது போயிடும். கூலியோ சேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை!

அடுத்து வரிக் கதை. சீனப் பட்டு மலிவாகக் குவிகிறது என்று 2003இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டாங்க. 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டு மீதான சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 2013இல் மறுபடி 15.

வரி இறங்கினா தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பட்டுப்புழு வளர்க்கிறவருக்கு அடி. வரி ஏறினா நூல் விலை ஏறும், பாவு தாமதமாகும், உங்க தறி சும்மா நிற்கும். விவசாயியையும் நெசவாளரையும் மோத விடப் பார்ப்பாங்க; ஏமாறாதீங்க. ரெண்டு பேரும் ஒரே சேலையின் பாவும் ஊடையும்!

கதவைத் திறந்ததே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நூலால்தான் பல தறி ஓடுச்சு. திறந்த வேகத்தில் நம்ம நூலின் தரத்தை உயர்த்தலையே, அதுதான் தப்பு.

நாம் கேட்பது மூன்று. வெண்பட்டுக்கூட்டிலிருந்து பாவு நூல் எடுக்கும் தானியங்கி நூற்பாலைகள் இங்கே பெருகணும். கூட்டுறவுச் சங்கங்களில் நூல் இருப்பு வைத்து, நிலையான விலைக்குத் தரணும். வரியை மாற்றும் முன் விவசாயியையும் நெசவாளரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசணும்.

சந்தை உலகத்துக்குத் திறக்கட்டும். நம்ம தறி மூடக் கூடாது!