தண்ணீரே பிடிக்காத வீட்டுக்கும் பில் ஏன்?

(பொதுக்குழுக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் தண்ணீர் பில் தப்பு என்று சத்தம் போட்டவன் நான்தான். மனைவி ஊருக்குப் போயிருந்த மாதம் எங்கள் வீட்டு உபயோகம் 8 கிலோ லிட்டரிலிருந்து 4-க்கு இறங்கியது. பில் மட்டும் 1,200 ரூபாயிலிருந்து 800-க்குத்தான் இறங்கியது. "பாதித் தண்ணீருக்குப் பாதிப் பணம்தானே?" என்று பொருளாளரிடம் சண்டை போட்டேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கேட்கக்கூடாத கேள்வி அது.

வீட்டுக்குப் போய் வரைபடத் தாளில் இரண்டு புள்ளிகளையும் வைத்துக் கோடு போட்டேன். 4 கிலோ லிட்டர் குறைந்தால் 400 ரூபாய் குறைகிறது. அதாவது கிலோ லிட்டருக்கு 100. இது சாய்வு. கோட்டை இடப்பக்கம் நீட்டினால், உபயோகம் பூஜ்யமாகும் இடத்தில் 400-ல் போய் நிற்கிறது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் வெட்டுத்துண்டு என்று படித்தோம்.

அந்த 400 எதற்கு? மோட்டார் பராமரிப்பு, சம்ப்பும் மேல்தொட்டியும் கழுவும் கூலி, பம்ப் ஆபரேட்டர் சம்பளம். நான் ஊரில் இல்லாவிட்டாலும் இவை நிற்காது.

ஆனால் எல்லாக் கோட்டையும் பூஜ்யம் வரை நீட்டிப் பொருள் சொல்லக் கூடாது. 2013-ல் சென்னை ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அந்த 12 ரூபாய்க் கோட்டைப் பின்னால் நீட்டினால் பூஜ்யத்தில் 3 ரூபாய் 40 காசு வரும். அதைக் கொடுத்து யாரும் ஆட்டோவில் ஏற முடியாது. அந்தக் கோடு 1.8-க்குப் பிறகுதான் செல்லும்.

நம் வளாகத்தில் பூஜ்யம் நிஜமாகவே இருக்கிறது: பூட்டிக் கிடக்கும் வீடுகள். அவர்களுக்குப் பில்லே வேண்டாம் என்றால், அவர்களுடைய 400 நம் தலையில் விழும். எல்லோருக்கும் ஒரே தொகை என்றால், தனியாக இருக்கும் பாட்டியம்மா பக்கத்து வீட்டுக் கார் கழுவும் தண்ணீருக்கும் சேர்த்துக் கட்டுவார். இரண்டுமே நியாயமில்லை.

பொருளாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தேன்: அடுத்த பில்லில் நிலையான கட்டணம், உபயோகக் கட்டணம் இரண்டையும் தனித்தனி வரியில் போடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.